வின்னியின் மோரிஸ்

ஜெயகரனின் மனைவி வின்னி ஓட்டிப் பழகியது அந்த முப்பத்தெட்டாம் வருஷத்து மோரிஸ் காரில்தான். அவள் இறந்து மூன்று மாதம் கழித்து அதை விற்கச் சம்மதித்தான். பிரேக் பைப்புகளை மட்டும் புதிதாக மாற்றித் தரும்படி வாங்குகிறவர் கேட்டார்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில், ஜெயகரனின் வீட்டு வாசலில் மெக்கானிக் துளசிராமன் பழைய பைப்புகளைக் கழற்றினார். பிரேக் ஆயில் முழுவதும் வடிந்தது. இருவரும் காரை நிழலுக்குத் தள்ளினார்கள். அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக்கு எடுத்தீங்களா சார்?"

"எடுத்துட்டேன். நியூட்ரல்லதான் இருக்கு."

"பைப்பே இல்லாம பிரேக்கு புடிக்குது. உள்ள யாருனா மிதிச்சிகினு கீறாங்களா, இன்னா?" துளசிராமன் சிரித்துக்கொண்டே காரின் பின்பக்கம் சாய்ந்து நின்றார்.

ஜெயகரன் கதவைத் திறந்தான். பிரேக் பெடல் தரையோடு அழுந்தியிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"சரி, விக்கல," என்றான் உள்ளே குனிந்து.

பெடல் மெல்ல மேலே எழுந்தது. துளசிராமனின் முதுகைவிட்டுக் கார் தானாக நகர்ந்தது.