பானெட்டில் ஒரு கல்லடி

“சீக்கிரம் அண்ணே! நாலு மணிக்குள்ள காரை மாமனார்கிட்ட ஒப்படைக்கணும்!” மாப்பிள்ளை பட்டறைக்குள் குட்டி போட்ட பூனையாக உலாத்தினான்.

கறுப்புக் காரின் பானெட்டில் மிளகளவு பெயின்ட் பெயர்ந்து, தகரம் பல்லை இளித்தது.

“கல்லடி சார். லாரிக்குப் பின்னாலயே போனீங்களா?” என்றார் பெயின்டர்.

“ஒரு லாரியைக்கூடப் பார்க்கலை! கல்யாணமாகி ஆறு வருஷத்துல காரைத் தொடவிடாத மனுஷன், இன்னிக்குத்தான் அவராவே கூப்பிட்டுக் கொடுத்தார். இதைப் பார்த்தார்னா என் மானம் கப்பலேறிடும்!”

பெயின்டர் பல்குச்சி முனையால் பெயின்டைச் சொட்டுச் சொட்டாக வைத்தார். காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்தார்.

“இந்த இடம் மட்டும் மின்னினா மாட்டிக்குவீங்க. முழுக் காருக்கும் பாலிஷ் போட்டுடுவோம்.”

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் வீடு வந்து சேர்ந்தது. அதில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம்.

மாமனார் ஓடி வந்தார். பானெட்டைத் தடவினார். குனிந்து தேடினார். முகம் வெளிறிவிட்டது.

“மாப்பிள்ளை, இங்கே இருந்த கல்லடி எங்கே?”

“கல்லடியா? அப்படி எதுவும் இல்லையே மாமா!”

“மெதுவாப் பேசுங்க! உங்க அத்தை கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கா. நீங்க போன் பண்ணி மன்னிப்புக் கேட்டதாக்கூட அவகிட்ட சொல்லிட்டேனே!”

“நான் எதுக்கு மாமா மன்னிப்புக் கேட்கணும்?”

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அது போன வாரம் நான் ஓட்டினப்போ பட்ட அடி மாப்பிள்ளை. அதை உங்க தலையில கட்டத்தானே காரையே கொடுத்தேன்!”