ஸ்ரான்லி மேல் ஒரு சந்தேகம்

“நகரத்தின்ர பேரைப் போட்டால் ஒண்டும் வராது. மாவட்டத்தின்ர பேரைப் போடு. பிடிக்கிற ஆக்களைக் கடைசியில மாவட்டச் சிறைக்குத்தான் கொண்டு போறவங்கள்” என்றாள் பிலோமினா.

லாரா மடிக்கணினியில் எழுதியதை அழித்துவிட்டு அம்மா சொன்னபடியே தட்டினாள். மாதா கோவிலில் பூசைக்குப் போன இடத்தில் யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

தேடப்பட்டவன் ஸ்ரான்லி. இங்கே பாசலில் வளர்ந்து, சில வருடங்களுக்கு முன் டெக்சாசுக்கு வேலைக்குப் போய், டாலசுக்கு வெளியே ஒரு புறநகரில் வீடும் வாங்கியிருந்தான். அவனுக்கு லாராவைக் கேட்டிருந்தார்கள். இன்று பின்னேரம் பதில் சொல்வதாக அவனுடைய தாய் செசீலியாவிடம் பிலோமினா சொல்லியிருந்தாள்.

“அங்கை தனிய இருந்த பெடியன். என்ன செய்தான், ஆரோட திரிஞ்சான் எண்டு எங்களுக்கு என்ன தெரியும்? வீடியோவில எல்லாரும் நல்லாத்தான் சிரிப்பினம்.”

“அதுக்காகச் சிறைக்குள்ள போய்த் தேடுறதோ அம்மா?”

“தேட விடுறாங்கள், தேடுறம். இங்கை எண்டால் ஏலுமோ?”

இங்கே முடியாது. வின்டர்தூர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது லாரா தன் குற்றப்பதிவுச் சான்றிதழைத் தானே விண்ணப்பித்து எடுத்துக் கொடுத்திருந்தாள். அடுத்தவருடையதை எட்டிப் பார்க்க வழியில்லை. அங்கேயோ கைதானவரின் பெயரும் முகமும் குற்றமும் யார் தட்டினாலும் வந்து விழுந்தன.

பக்கம் திறந்தது. வரிசையாக முகங்கள். தூக்கம் கலைந்தவர்கள், கன்னம் வீங்கியவர்கள், காரணமில்லாமல் சிரிக்கும் ஒருத்தி. இவர்களில் ஒருவனாக ஸ்ரான்லி இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டபோது லாராவுக்குத் தன்மேலேயே கூச்சம் வந்தது.

அவன் கெட்டவன் இல்லை. போன கிழமை வீடியோவில், “உங்களுக்கு உண்மையா விருப்பமோ?” என்று கேட்டிருந்தான். கமராவுக்கு அப்பால் அம்மா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். லாரா “ஓம்” என்றாள். தான் விரும்பும் தேனுஜனைப் பற்றி இரண்டு வருடமாகச் சொல்ல முடியாதவள் அந்த ஒரு நிமிடத்தில் எப்படிச் சொல்வாள்? சித்தியின் மகள் ஒரு சைவப் பெடியனைக் கட்டியபோது அம்மா கலியாண வீட்டுக்கே போகவில்லை. தேனுஜனும் சைவம்தான்.

அவள் ஸ்ரான்லியின் முழுப் பெயரையும் தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் எவரும் இல்லை.

அவ்வளவுதான். இனி அம்மா போனை எடுப்பாள். செசீலியா அன்ரி சந்தோசத்தில் அழுவா. நாள் குறிப்பார்கள்.

“என்ன போட்டுக் கிடக்கு?”

அம்மாவின் கண்ணாடி குசினி மேசையில் இருந்தது. அது லாராவுக்குத் துணிச்சல் தந்தது.

“இருக்கு அம்மா.”

“என்ன இருக்கு?”

“குடிச்சிட்டுக் கார் ஓடினது.”

சொன்ன பிறகுதான் அது போதாதோ என்று தோன்றியது. குடித்துவிட்டுக் கார் ஓடியவர்கள் சொந்தத்துக்குள்ளேயே இருந்தார்கள். எல்லோருக்கும் கலியாணம் நடந்துதான் இருந்தது.

“பிறகு, ஒரு பொம்பிளையை அடிச்சதெண்டும் கிடக்கு.”

“ஸ்ரான்லியோ?”

“ஓம்.”

“படம்?”

“படம் போடேல்லை.”

“மற்ற ஆக்களுக்கெல்லாம் படம் கிடந்துதே.”

“இவருக்கு இல்லை.” லாரா மடிக்கணினியை மூடினாள்.

பிலோமினா மூடிய மடிக்கணினியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “பாத்தது நல்லதாப் போச்சு” என்று சொல்லிப் போனை எடுத்தாள்.

“ஆருக்கு அம்மா?”

“செசீலியாக்குத்தான்.”

“அவவுக்கு என்ன சொல்லப் போறியள்?”

“மகன் என்ன ஆள் எண்டு பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமோ?”

அம்மா ஏதாவது சாட்டுச் சொல்லி மெல்லக் கழற்றிவிடுவாள் என்றுதான் லாரா நினைத்திருந்தாள். இந்தக் கதை செசீலியாவின் காதில் விழுந்தால் நாளைக்கு ஃப்ரிபூர்க்கில் இருக்கும், மறுநாள் மன்னாரில் இருக்கும். பொம்பிளைக்குக் கை நீட்டினவன் என்ற பெயரை அவன் பிறகு எங்கே போய்க் கழுவுவான்? உண்மையா விருப்பமோ என்று கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

“அம்மா, அது வேற ஆளாயும் இருக்கலாம்.”

“நீதானே வாசிச்சனீ?”

“வாசிச்சனான்தான்...”

“பிறகென்ன?”

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பொய் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் தேனுஜன் பெயர் வெளியே வரும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று லாராவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“போனை வையுங்கோ அம்மா. நான் சொன்னது பொய். அதில அவற்ற பேரே இல்லை.”

அதற்குள் செசீலியாவின் குரல் கேட்டுவிட்டது. பிலோமினா கையை உயர்த்தி மகளை மறித்தாள்.

“செசீலியா அக்கா, நான் முந்தாநாளே எல்லாம் விசாரிச்சிட்டன். உங்கட பெடியனில ஒரு குறையும் இல்லை” என்றாள். லாராவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தாள்.

“என்ர பிள்ளைக்குத்தான் மனம் வேற இடத்தில.”