வாசலில் நிற்பவர்

பழைய நகரப் பூங்காவின் வாசலில், அதை வடிவமைத்தவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை சாலையைப் பார்த்து நின்றது. திரும்பிப் பார்க்க அதனால் முடியாது.

மறுநாள் தோளில் ஏறிய அணிலிடம் சிலை கேட்டது: "உள்ளே குளம் இருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா. அல்லி பூத்திருக்கிறது."

"வருகிறவர்கள் முதலில் நிழலில் நிற்கட்டும் என்று வாசலில் ஒரு நாகலிங்கக் கன்று நட்டேன். அது பூப்பதைப் பார்க்க எனக்கு ஆயுள் போதவில்லை. இப்போது எப்படி இருக்கிறது?"

அணில் குனிந்து சிலையின் காலடியைப் பார்த்தது.

"பெரிய மரமாகி, நிறையப் பூத்தது ஐயா. என் கூடும் அதில்தான் இருந்தது. உங்களை நிறுத்த இடம் வேண்டுமென்று போன வாரம் வெட்டிவிட்டார்கள்."

வெயில் ஏறி வெண்கலம் சுடத் தொடங்கியதும், அணில் இறங்கி நிழல் தேடிப் போனது.