சாதுவான கட்டி

காலைக் காப்பி வேளையில் கூடத்துச் சுவரில் பதித்த மருத்துவக் கருவி வீட்டாரின் அன்றைய உடல் அறிக்கையை வாசிக்கும். குடும்பம் முழுமைக்கும் ஒரே சந்தா என்பதால் எல்லோருடையதும் எல்லோர் காதிலும் விழும்.

"பூங்கோதை, வயது முப்பத்தொன்று. இந்த ஆண்டின் முழுச் சோதனையில், ஈரலில் நான்கு சென்டிமீட்டர் கட்டி" என்றது சுவர்.

மாமியார் சிவகாமி பதறிப்போனாள். "தாயே, எம் மருமவள காப்பாத்து! பிள்ளை வரம் கேட்டு ஆறு வருசமா மண்சோறு திங்காளே!"

"புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான். உயிருக்கு ஆபத்தில்லை."

சிவகாமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அறுவை வேண்டாம். ஆறு வருடமாகச் சாப்பிடும் கருத்தடை மாத்திரையை நிறுத்தினால் தானாகச் சுருங்கிவிடும்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "சாமியவே ஏமாத்திட்டியேட்டி!"

தாலி கட்டிய வாரமே அடிக்கத் தொடங்கிய கணவன் மாசிலாமணியின் கைக்கு ஒரு பிள்ளையையும் கொடுக்கப் பூங்கோதைக்கு மனம் வரவில்லை. மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்தவள், ஈரல் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவேயில்லை.

"அத்தை, போகாதீய" என்றாள். சிவகாமி திரும்பிப் பாராமல் அடுக்களைக்குள் போனாள்.

மாசிலாமணி எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டான்.

"மறுபடியும் சொல்கிறேன், உயிருக்கு ஆபத்தில்லை" என்றது சுவர்.