டாக்டர் என்ன சொன்னாரு?

"இடுப்பு கழண்டு கையில வந்துடும் போலிருக்கு தங்கச்சி. கொஞ்சம் நகரு, உக்காந்துக்கறேன்."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆயா பெஞ்சில் சரிந்தாள். காலையிலிருந்து மூன்று மாடிப் படிக்கட்டு, இரண்டு வார்டு, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

பெஞ்சிலிருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கசங்கிய சேலை, வாராத தலை, காலில் செருப்பில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் லாரி மேலிருந்து விழுந்து, மண்டை உடைந்து உள்ளே கிடக்கிறான். இன்றோடு மூன்று நாள். அவளும் பெஞ்சை விட்டு எழவில்லை. இரண்டு வாய் டீயைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

ஆயா மடியிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினாள். "இந்தா. தின்னு."

"வேணாம்க்கா." கண்ணாடிக் கதவையே பார்த்தபடி கேட்டாள். "பெரிய டாக்டர் போறப்ப சின்ன டாக்டருங்ககிட்ட இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போனாரே, என்னக்கா சொன்னாரு? உங்களுக்கு இங்கிலீஷ் வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

ஆயாவுக்கு வலி கொஞ்சம் மறந்தது. "அவளுங்க கிண்டலுக்குச் சொல்றாளுங்க. எனக்கு வெச்ச பேரே லேடி டாக்டர்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வரும். பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கினதில்ல. பதினெட்டு வருஷமா இவங்க கால்மாட்டுல தரையைத் துடைச்சுத் துடைச்சுக் காதாலயே படிச்சது."

"எப்படிக்கா?"

"இங்கிலீஷ்ல வார்த்தைக்கு ஒரு வாலு இருக்கும். வார்த்தையை விடு, வாலைப் பிடி. இப்ப, கிவ்னா குடுக்கறது. மருந்து குடு, ஊசி குடு. அதுக்கு அப்புன்னு ஒரு வாலு முளைச்சா, கையை விரிச்சுட்டாங்கன்னு அர்த்தம். கம்னா வா. கம் ரவுண்டுன்னாங்க ஒருநாள். சுத்தி வரச் சொல்றாங்கன்னு பக்கெட்டோட வார்டை ஒரு சுத்து சுத்தி வந்துட்டேன். மயக்கம் தெளியறதாம் அது!"

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"பாஸுன்னா பரீட்சையில தேர்றது. அதுக்கு அவேன்னு வாலு வந்தா..." ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது நமக்கெதுக்கு."

"இன்னைக்கு எந்த வாலு சொன்னாருக்கா?"

ஆயா தரையைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் காதில் நின்றது. ஹீ வோன்ட் புல் த்ரூ. டேக் ஹிம் ஆஃப் த மெஷின். புல் என்றால் இழுப்பது. த்ரூ சேர்ந்தால் பிழைத்து எழுவது. முன்னால் நின்ற வோன்ட் அதை அடித்துப் போட்டுவிட்டது. ஆள் தேறமாட்டான், மெஷினைக் கழற்றுங்கள்.

போன மாதம் இதே பெஞ்சில் ஒருவருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்த மனிதர் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். சூப்பர்வைசர் இவளை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கிழித்தார். ஆனால் இப்போது வாயைக் கட்டியது அந்தப் பயம் இல்லை. பக்கத்தில் மூன்று நாளாகக் காய்ந்து கிடக்கிற வயிறு.

"புல் த்ரூன்னாரு. பிழைச்சுக்குவாருன்னு அர்த்தம்."

"அதுக்கு முன்னாடி என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சேக்கா?"

"அதா? அது ஹீ. ஹீன்னா அவரு. அவரு பிழைச்சுக்குவாரு. போதுமா?"

"மெஷினைப் பத்தி..."

"தானா மூச்சு விடப்போறவருக்கு மெஷின் எதுக்கு? அதான் கழட்டறாங்க. அவரு எந்திரிச்சு வர்றப்ப நீ படுத்துக் கிடந்தா யாரு பாத்துக்கறது? தின்னு முதல்ல."

அவள் ஆயாவின் முகத்தையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

"பிழைச்சுக்குவாருடி."

அவள் பன்னைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே மென்று விழுங்கினாள். ஆயா வேறு பக்கம் திரும்பி, காய்ந்துபோன மாப்பை எடுத்துச் சும்மா உதறினாள்.

கதவு திறந்தது. நர்ஸ் இரண்டு பக்க இங்கிலீஷ் காகிதத்தையும் மை டப்பாவையும் நீட்டினாள். "இங்க ஒரு கைநாட்டு வைம்மா. என்ன எழுதியிருக்குன்னு டாக்டர் வந்து சொல்வாரு."

அவள் மை டப்பாவைத் தொடவில்லை. காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை, திருப்பி மறுபக்கமும், நிதானமாக வாசித்தாள். நர்ஸின் பையிலிருந்த பேனாவை எடுத்து இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள்.

"எத்தனை மணிக்கு மெஷினைக் கழட்டுவீங்க சிஸ்டர்? அதுக்கு முன்னாடி நான் உள்ள போய் அவர் பக்கத்துல இருக்கணும்."

ஆயா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "தங்கச்சி... நீ..."

"இங்கிலீஷ் டீச்சர்க்கா. பிள்ளைங்களுக்கு அந்த வாலுங்களைத்தான் நடத்தறேன். டாக்டர் சொன்னப்பவே புரிஞ்சுடுச்சு. யார் வாயாலயாவது ஒரே ஒரு தடவை, பிழைச்சுக்குவாருன்னு கேக்கணும்போல இருந்துச்சு."

கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். "கட்டிக்கிட்டப்புறம் மூட்டை தூக்கித்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பினாரு. எனக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் குடேன்னு பன்னெண்டு வருஷமாக் கேட்டாரு. நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லிட்டேன். அவருக்கு அந்தப் பாடம் பாக்கிக்கா."