மூன்று பதில்கள்

அப்பா எதை எழுதி அனுப்பினாலும், ஜெயசீலனின் போன் அதன் அடியில் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருக்கும். அவன் யோசிக்கவே வேண்டாம். "முருங்க காய்ச்சுத் தொங்குது, எப்ப வாரே?" என்று வந்தாலும், "உங்கம்மா நெனப்பாவே இருக்கு" என்று வந்தாலும், 'சரி', 'நல்லது', 'அப்புறம் பேசலாம்' என்ற மூன்றில் ஒன்றைக் கட்டைவிரலால் தொட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிக்கொண்டு கேட்டார்.

"பயமா இருக்குய்யா. நான் பொழச்சுக்கிடுவேனா?"

ஜெயசீலன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவன் கண்கள் அப்பாவின் முகத்திலிருந்து இறங்கி, தாடைக்குக் கீழே அந்த மூன்று பதில்களைத் தேடின. அங்கே போர்வைதான் இருந்தது. கட்டைவிரல் அவனைக் கேட்காமலே எழுந்துபோய் அப்பாவின் நெஞ்சில் ஒரு தடவை அழுத்தியது. போர்வைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது.

அப்பா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெல்ல எடுத்து அவன் மடியிலேயே வைத்தார்.

"சரிய்யா," என்றார். "அப்புறம் பேசலாம்."