பந்தம் பிடித்தவன்

கடற்கரையில் சிதையாக அடுக்கிய விறகின் மேல் ஏற்றிய படகில், போரில் இறந்த தலைவன் எய்விந்த் கிடக்கிறான். காலை வெயில் அவன் கேடயத்தின் விளிம்பில் நடுங்குகிறது. அவனோடு சாவதாகச் சத்தியம் செய்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் அவனைச் சுற்றிப் பிணமாகக் கிடக்கிறார்கள். மிஞ்சிய அஸ்கௌட் பந்தத்தைப் பிடித்தபடி நிற்கிறான். காற்றில் தீ படபடக்கிறது. அவன் கால் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. எய்விந்தின் மனைவி தோர்டிஸ் அருகே வருகிறாள்.

“கடைசியா என்னப்பா சொன்னாரு?”

போர்க்களத்திலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பொய்யை அவன் கைவிடுகிறான்.

“தெரியலம்மா. அப்ப நான் காட்டுக்குள்ள ஓடிட்டிருந்தேன்.”

கூட்டத்தில் யாரோ வாளை உருவுகிறார்கள். அஸ்கௌட் கண்களை மூடிக் கழுத்தைத் தாழ்த்துகிறான். தோர்டிஸ் அவன் கையிலிருந்து பந்தத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

“வாளை உள்ள போடுங்க. சத்தியத்தைக் காப்பாத்தின இவங்களோட இவன் போகக் கூடாது.”